குரூஸ் ஏவுகணைகளும் நம் தலைக்கு மேலுள்ள வானமும்

2022 மார்ச் 9 அன்று மாலை, பாகிஸ்தானின் பஞ்சாப் மாகாணத்தில் மியான் சன்னூ என்ற ஊரருகே ஓர் ஏவுகணை வந்து விழுந்தது. சில கட்டடங்கள் சேதமடைந்தன, உயிரிழப்பு இல்லை. பாகிஸ்தான் ராணுவம் வெளியிட்ட கணக்குப்படி, அது ஹரியானாவின் சிர்சா பகுதியிலிருந்து கிளம்பி, திசை திரும்பி, அவர்களது எல்லைக்குள் 124 கிலோமீட்டர் பறந்திருக்கிறது. மொத்தப் பயணம் ஏழு நிமிடத்துக்கும் குறைவு. இரண்டு நாள் கழித்து, பராமரிப்புப் பணியின்போது தொழில்நுட்பக் கோளாறால் தவறுதலாக ஏவப்பட்டது என்று இந்தியப் பாதுகாப்பு அமைச்சகம் வருத்தம் தெரிவித்தது. அது பிரம்மோஸ் குரூஸ் ஏவுகணை என்பதும், விமானப்படை அதிகாரிகள் மூவர் பணிநீக்கம் செய்யப்பட்டதும் அந்த ஆண்டு ஆகஸ்டில் அறிவிக்கப்பட்டன.

அப்போது இரு நாட்டு ஊடகங்களும் யார் அலட்சியம், யாருக்கு அவமானம் என்று வாதிட்டுக்கொண்டிருந்தன. நாம் கவனிக்க வேண்டியது வேறு. பாகிஸ்தான் அந்த ஏவுகணையைப் பார்த்துவிட்டது. அது தாழ்வாகக்கூட வரவில்லை; ஏறக்குறைய 40,000 அடி உயரத்தில், பயணிகள் விமானங்கள் செல்லும் அளவில் வந்தது. ஏவப்பட்ட இடத்திலிருந்தே கண்காணித்ததாக அவர்களே சொன்னார்கள். ஆனாலும் அது தரையில் விழும்வரை பறந்தது. வான் பாதுகாப்புக்கென்று பெரும் பணம் செலவிடும் ஒரு நாடு, கண்ணெதிரே வந்ததைத் தடுக்கவில்லை. அதை வைத்து அவர்களைப் பார்த்துச் சிரித்தவர்கள், அதே ஏவுகணை நம் பக்கம் திரும்பியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று யோசித்ததாகத் தெரியவில்லை.

தாம்பரம் விமானப்படைத் தளத்தின் மதில் ஓரமாகத் தினமும் நடந்து போகிறவர்கள் நாம். மீனம்பாக்கத்தில் இறங்கும் விமானங்கள் நம் மாடிகளுக்கு மேல் போகின்றன. தெற்கே கல்பாக்கம் அணுமின் நிலையம். ஆகவே நமக்கு இது வெறும் தொலைக்காட்சி விவாதமாக இருக்க முடியாது.

குரூஸ் ஏவுகணையைப் புரிந்துகொள்ள அதை பாலிஸ்டிக் ஏவுகணையோடு ஒப்பிட்டால் போதும். பாலிஸ்டிக் ஏவுகணை என்பது கவணில் வைத்து வானத்தை நோக்கி எறிந்த கல். மிக உயரே போய், வளைந்து, பெரும் வேகத்தில் கீழே வரும். வேகம் பயங்கரமானதுதான். ஆனால் உயரே போவதால் தொலைவிலேயே தெரிந்துவிடும். எங்கே விழும் என்பதையும் கணக்கிட்டுச் சொல்லிவிடலாம். குரூஸ் ஏவுகணை அப்படியல்ல. அது ஆளில்லாத சிறு விமானம். இறக்கையும் எஞ்சினும் உண்டு. மரங்களுக்குச் சற்று மேலே, ஆற்றுப்படுகை வழியாக, மலையைச் சுற்றி, இடையில் இரண்டு மூன்று முறை திசை மாறி வரும். பெரும்பாலானவை மணிக்கு 800 முதல் 900 கிலோமீட்டர் வேகத்தில், அதாவது பயணிகள் விமானத்தின் வேகத்தில் பறப்பவை. பிரம்மோஸ் போன்றவை ஒலியை விட இரண்டரை மடங்குக்கு மேல் வேகம் கொண்டவை.

முதல் சிக்கல் பூமியின் வடிவத்திலேயே இருக்கிறது. கோவளம் கடற்கரையில் நின்று, கரையை விட்டுப் போகும் படகைப் பார்த்தால் முதலில் அதன் அடிப்பகுதி மறையும், பிறகு மேற்பகுதி. பூமி உருண்டை என்பதால் ஏற்படும் இந்த மறைவு ரேடாருக்கும் உண்டு. ரேடார் அலை ஏறக்குறைய நேர்கோட்டில்தான் போகும். தரையிலிருந்து 10 மீட்டர் உயரத்தில் ரேடார் வைத்திருக்கிறோம், ஏவுகணை 30 மீட்டர் உயரத்தில் வருகிறது என்று வைத்துக்கொண்டால், அது சுமார் 35 கிலோமீட்டர் தொலைவுக்குள் வந்த பிறகுதான் கண்ணில் படும். மணிக்கு 850 கிலோமீட்டர் வேகத்தில் அந்தத் தூரத்தைக் கடக்க இரண்டரை நிமிடம் ஆகும். பிரம்மோஸ் வேகத்தில் என்றால் 40 விநாடி. கோவளம் கரையைத் தொட்ட ஏவுகணை தாம்பரத்துக்கு வர, மெதுவான வகைக்கே ஒன்றரை நிமிடம் போதும். ஒரு சிக்னலில் பச்சை விழக் காத்திருக்கும் நேரம்.

இந்தக் கணக்கும் தடையில்லாத சமதளத்துக்கு உரியது. நம் பகுதியில் பரங்கிமலை, திரிசூலம், பல்லாவரம், வண்டலூர் என்று வரிசையாகக் குன்றுகள். ஓஎம்ஆர் சாலை நெடுகிலும் அடுக்குமாடிக் கோபுரங்கள். ஒவ்வொன்றின் பின்னாலும் ரேடாருக்கு ஒரு குருட்டு நிழல் விழும். தரையிலிருந்து எதிரொலிக்கும் அலைகளுக்கு நடுவே சிறிய ஏவுகணையின் அலையைப் பிரித்தெடுப்பதே பெரும் வேலை.

அப்படியானால் கண்ணை மேலே தூக்கி வைப்பதுதான் வழி. ஒன்பது கிலோமீட்டர் உயரத்தில் பறக்கும் ரேடார் விமானத்துக்குத் தாழ்வாக வரும் ஏவுகணை 400 கிலோமீட்டர் தொலைவிலேயே தெரியத் தொடங்கும். இந்தியாவிடம் இஸ்ரேலிய ரேடார் பொருத்திய பெரிய ஃபால்கன் விமானங்கள் மூன்றும், உள்நாட்டில் உருவான நேத்ரா விமானங்கள் சிலவும் இருக்கின்றன. ஒன்று பறக்க, ஒன்று தயாராக நிற்க, ஒன்று பராமரிப்பில் கிடக்க என்று பார்த்தால், மூன்று விமானங்களைக் கொண்டு இவ்வளவு பெரிய நாட்டின் ஒரு மூலையைத்தான் இடைவிடாமல் பார்க்க முடியும். இவ்விஷயத்தில் பாகிஸ்தானிடம் நம்மைவிட அதிக எண்ணிக்கையில் விமானங்கள் இருக்கின்றன.

விமானத்துக்குப் பதில் பலூனில் ரேடாரைக் கட்டி மேலே நிறுத்தலாமே என்று அமெரிக்கா முயன்றது. தலைநகர் வாஷிங்டனைக் குரூஸ் ஏவுகணைகளிலிருந்து காக்க, மேரிலாந்தில் நிறுத்திய அந்த ராட்சத பலூன் 2015 அக்டோபர் 28 அன்று கயிறு அறுந்து கிளம்பி, தொங்கிய கயிற்றால் மின்கம்பிகளை அறுத்துக்கொண்டே பென்சில்வேனியா வரை போய் விழுந்தது. பல ஆயிரம் வீடுகளுக்கு மின்சாரம் போனது. நாட்டைக் காக்க வந்த பலூனிடமிருந்து நாட்டைக் காக்கப் போர் விமானங்களை அனுப்ப வேண்டியதாயிற்று. அந்தத் திட்டமே பிறகு எழுந்திருக்கவில்லை.

அடுத்தது திசை. 2019 செப்டம்பர் 14 அன்று சவூதி அரேபியாவின் அப்கைக், குரைஸ் எண்ணெய் நிலையங்கள் தாக்கப்பட்டன. 18 டிரோன்களும் 7 குரூஸ் ஏவுகணைகளும் என்று சவூதி தரப்பு சிதைவுகளைக் காட்டியது. யமனின் ஹூதிகள் பொறுப்பேற்றார்கள், அமெரிக்காவும் சவூதியும் ஈரானைக் குற்றம் சாட்டின, ஈரான் மறுத்தது. நம் விவாதத்துக்கு அது அவசியமில்லை. உலகிலேயே ஆயுதங்களுக்கு அதிகம் செலவழிக்கும் நாடுகளில் ஒன்று, விலை உயர்ந்த பேட்ரியாட் அமைப்புகளை வாங்கி நிறுத்தியிருந்தது. ஆனால் அவற்றின் ரேடார்கள் ஒரு பக்கம் மட்டுமே பார்ப்பவை. அவை யமன் இருக்கும் தெற்கைப் பார்த்துக்கொண்டிருந்தன. தாக்குதல் வடக்கிலிருந்து வந்ததாகவே சவூதி அதிகாரிகள் சொன்னார்கள். ஒரே காலையில் நாட்டின் எண்ணெய் உற்பத்தியில் பாதி நின்றது.

திசை விஷயத்தில் சென்னைக்கும் அனுபவம் உண்டு. 1914 செப்டம்பர் 22 இரவு, ஜெர்மனியின் எம்டன் கப்பல் துறைமுகத்துக்கு அருகே வந்து அரைமணி நேரம் குண்டு பொழிந்துவிட்டுப் போனது. பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் எரிந்தன. ஐரோப்பாவில் நடக்கும் போர் வங்கக் கடல் வழியாக மதராஸுக்கு வரும் என்று ஆங்கிலேய அரசு நினைக்கவில்லை. அந்தக் கப்பலின் பெயர் தமிழில் ஒரு சொல்லாகவே தங்கிவிட்டது. எமகாதகனை இன்றும் எம்டன் என்கிறோம். 1943 அக்டோபரில் ஜப்பானிய விமானம் ஒன்று துறைமுகத்தில் குண்டு போட்டதும் கடல் பக்கமிருந்துதான்.

இன்றும் இந்தியாவின் வான் பாதுகாப்புக் கண்கள் பெரும்பாலும் மேற்கையும் வடக்கையும் பார்க்கின்றன. ஆபத்து அங்கே இருப்பதால் அது நியாயமானதே. 2018-ல் 543 கோடி டாலருக்கு ரஷ்யாவிடம் வாங்க ஒப்பந்தம் போட்ட ஐந்து எஸ்-400 தொகுதிகளில் முதல் மூன்று வந்ததும் அந்தப் பக்கம்தான் போயின. தெற்கில் தஞ்சாவூரில் 2020 ஜனவரி முதல் பிரம்மோஸ் சுமக்கும் சுகோய் அணி இருக்கிறது. அரக்கோணத்தில் கடற்படையின் பி-8ஐ கண்காணிப்பு விமானங்கள் இருக்கின்றன. சுகோய் அணியின் முதன்மையான வேலை கடலில் தாக்குவது. பி-8ஐ கப்பலையும் நீர்மூழ்கியையும் தேடுவது. ஆயிரம் கிலோமீட்டருக்கு மேற்பட்ட தமிழகக் கடற்கரையில், நீர்மூழ்கியிலிருந்தோ சரக்குக் கப்பலின் கன்டெய்னரிலிருந்தோ கிளம்பும் ஒற்றை ஏவுகணையைத் தடுப்பது முற்றிலும் வேறு வேலை. 2017-ல் பாகிஸ்தான் தனது பாபர் ஏவுகணையின் நீருக்கடியில் ஏவும் வகையைச் சோதித்த பிறகு, கடல் பக்கம் பாதுகாப்பானது என்ற எண்ணத்துக்கு இடமில்லை.

தாழ்வாகப் பறக்கும் ஒரு சிறு பொருள் ஒரு அரசை எப்படித் திணறடிக்கும் என்பதை அடுத்த வீட்டிலேயே பார்த்தோம். 2007 மார்ச் 26 அதிகாலை விடுதலைப் புலிகளின் இலகுரக விமானங்கள் கட்டுநாயக்க விமானப்படைத் தளத்தில் குண்டு வீசிவிட்டுப் பத்திரமாகத் திரும்பின. 2009 பிப்ரவரி 20 இரவு, வன்னி முழுவதும் ராணுவத்தின் பிடிக்குள் போய்க்கொண்டிருந்த நேரத்திலும் இரண்டு விமானங்கள் கொழும்பு வரை வந்தன. ஒன்று உள்நாட்டு வருவாய்த் துறைக் கட்டடத்தில் மோதியது. மற்றது கட்டுநாயக்க அருகே வீழ்த்தப்பட்டது. அவை மணிக்கு இருநூறு சொச்சம் கிலோமீட்டர் போகும் பயிற்சி வகை விமானங்கள். அதற்கே அந்தப் பாடு.

இதுவரை சொன்னதெல்லாம் பார்ப்பதில் உள்ள சிரமம். பணம் இருந்தால் ஓரளவு சரிசெய்துவிடலாம். பணத்தால் எளிதில் தீராதது அடுத்தது: பார்த்தது என்ன என்று தீர்மானிப்பது.

2003 இராக் போரில் இரண்டும் ஒரே இடத்தில் நடந்தன. குவைத்தில் நிறுத்தியிருந்த பேட்ரியாட் அமைப்புகள் இராக்கின் பாலிஸ்டிக் ஏவுகணைகளை வீழ்த்தின. ஆனால் இராக் ஏவிய ஐந்து பழைய குரூஸ் ஏவுகணைகளில் ஒன்றைக்கூட அவை தடுக்கவில்லை. மார்ச் 29 அதிகாலை ஒன்று குவைத் நகரின் கடலோர வணிக வளாகத்தருகே விழுந்தது. அதே போரில் அதே பேட்ரியாட்கள் ஒரு பிரிட்டிஷ் டொர்னேடோ விமானத்தையும் ஓர் அமெரிக்கப் போர் விமானத்தையும் எதிரி என்று நினைத்துச் சுட்டு வீழ்த்தின. மூன்று விமானிகள் இறந்தார்கள். எதிரியின் ஏவுகணை உள்ளே வந்தது. சொந்த விமானம் கீழே விழுந்தது.

இதைவிடக் கொடுமையானது 2020 ஜனவரி 8. இராக்கிலுள்ள அமெரிக்கத் தளத்தின் மீது ஈரான் ஏவுகணைகள் வீசிய சில மணி நேரம் கழித்து, டெஹ்ரான் விமான நிலையத்திலிருந்து கிளம்பிய உக்ரைன் பயணிகள் விமானத்தை ஈரானின் வான் பாதுகாப்புப் படையே சுட்டு வீழ்த்தியது. 176 பேர் இறந்தார்கள்; பலர் ஈரானிய மாணவர்களும் கனடாவில் குடியேறிய குடும்பங்களும். முதலில் மறுத்த ஈரான் மூன்றாம் நாள் ஒப்புக்கொண்டது. பதிலடியாக அமெரிக்கக் குரூஸ் ஏவுகணைகள் வருகின்றன என்ற எச்சரிக்கை இருந்தது, இந்த விமானத்தை அப்படி ஒரு ஏவுகணை என்று அதிகாரி நினைத்தார், மேலிடத்தோடு தொடர்பு கிடைக்கவில்லை, முடிவெடுக்க பத்து விநாடிதான் இருந்தது என்று அப்படையின் தளபதியே தொலைக்காட்சியில் சொன்னார். அன்று இரவு ஈரான் தனது வான்வெளியைப் பயணிகள் விமானங்களுக்கு மூடவில்லை என்பதுதான் அடிப்படைக் குற்றம்.

ஈரானியர்கள்தான் இப்படி என்று தள்ளிவிட முடியாது. 2019 பிப்ரவரி 27 அன்று, பாலாகோட் தாக்குதலுக்கு மறுநாள், காஷ்மீரின் பட்காமில் நமது விமானப்படையின் எம்ஐ-17 ஹெலிகாப்டரை நமது ஏவுகணையே வீழ்த்தியது. விமானப்படையினர் ஆறு பேரும் தரையிலிருந்த பொதுமக்களில் ஒருவரும் இறந்தனர். அது நமது பெரிய தவறு என்று அந்த ஆண்டு அக்டோபரில் விமானப்படைத் தளபதி வெளிப்படையாகச் சொன்னார். அந்த நேர்மையை மதிக்கிறோம். நன்கு பயிற்சி பெற்றவர்கள், சொந்த ஹெலிகாப்டர், தங்கள் தளத்தின் அருகே. அங்கேயே இது நடக்கிறதென்றால், பரபரப்பான பெருநகரின் வானத்தில் எவ்வளவு எளிதாக நடக்கும்?

மீனம்பாக்கத்தையும் தாம்பரம் தளத்தையும் பிரிப்பது சுமார் 10 கிலோமீட்டர். கடல் பக்கமிருந்து தாழ்ந்து இறங்கும் பயணிகள் விமானம், தாம்பரத்துப் பயிற்சி விமானங்கள், கடலோரக் காவல்படையின் ஹெலிகாப்டர்கள். பாலிஸ்டிக் ஏவுகணையை யாரும் விமானத்தோடு குழப்பிக்கொள்ள மாட்டார்கள். குரூஸ் ஏவுகணையின் வேகமும் உயரமும் திசையும் ஒரு விமானத்தினுடையதைப் போலவே இருக்கும். 2025 மே மாதம் 'ஆபரேஷன் சிந்தூர்' நடந்தபோது வட, மேற்கு இந்தியாவில் 32 விமான நிலையங்கள் மூடப்பட்டதற்கு இதுவும் ஒரு காரணம். பயணிகளுக்குத் தொல்லைதான், ஆனால் ஒரு அரசு செய்யக்கூடிய மிக மலிவான, மிக அவசியமான பாதுகாப்பு அது. அந்த நாட்களில் சென்னை விமான நிலையம் வழக்கம்போல இயங்கியது. கிழக்குக் கடல் பக்கம் ஆபத்து என்று ஒரு நாள் வந்தால், எந்தக் கட்டத்தில் யார் இந்த வான்வெளியை மூடச் சொல்வார், மேலே பறந்துகொண்டிருப்பவை எங்கே திருப்பப்படும் என்பது முன்கூட்டியே முடிவாகியிருக்க வேண்டும். பத்து விநாடியில் யோசிக்கிற விஷயமல்ல அது.

2025 சுதந்திர தின உரையில் பிரதமர் 'சுதர்சன சக்கரம்' திட்டத்தை அறிவித்தார். 2035-க்குள் ராணுவ நிலையங்களோடு மருத்துவமனை, ரயில் நிலையம், வழிபாட்டுத் தலம் வரை முக்கிய இடங்களுக்கெல்லாம் கேடயம் என்பது வாக்குறுதி. ஆகஸ்ட் 23 அன்று ஒடிசா கடற்கரையில் பல அடுக்குப் பாதுகாப்பு அமைப்பின் முதல் சோதனையும் வெற்றிகரமாக நடந்தது. ஆகாஷ்தீர் போன்ற, பல ரேடார்களின் தகவலை ஒரே திரையில் சேர்க்கும் ஏற்பாடுகள் அந்த மே மோதலில் பயன்பட்டன என்பதையும் மறுக்க வேண்டியதில்லை. குழப்பத்தைக் குறைக்க அதுவே சரியான திசை. ஆனால் முழு நாட்டையும் மூடும் குடை என்பதை நம்புவது கடினம். 2024 ஜனவரி 30 அன்று செங்கடலில், உலகின் மிக நவீனமான அமெரிக்கப் போர்க்கப்பல்களில் ஒன்று, ஹூதிகளின் குரூஸ் ஏவுகணையைச் சுமார் ஒன்றரை கிலோமீட்டர் நெருங்கிய பிறகு கடைசிக் கட்டத் துப்பாக்கியால்தான் நிறுத்தியது. ஒரு கப்பலுக்கே அவ்வளவு நெருக்கடி.

ஏவுகணையைத் தடுப்பதற்கு ராணுவத்துக்கு வெளியேயும் கருவிகள் உண்டு. இந்தியாவும் பாகிஸ்தானும் 1988 டிசம்பர் 31 அன்று ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன: ஒருவர் அணு நிலையங்களை மற்றவர் தாக்குவதில்லை. 1992 முதல் ஒவ்வோர் ஆண்டும் ஜனவரி 1 அன்று இரு நாடுகளும் தத்தம் அணு நிலையங்களின் பட்டியலைப் பரிமாறிக்கொள்கின்றன. கார்கில் போர், மும்பைத் தாக்குதல், பாலாகோட் எதுவும் அந்தப் பரிமாற்றத்தை நிறுத்தவில்லை. கல்பாக்கத்தைச் சுற்றி வாழ்பவர்களுக்கு எந்த ரேடாருக்கும் குறையாத கேடயம் அது. செலவு ஓர் உறை மட்டும்.

2005 அக்டோபரில் இன்னோர் உடன்படிக்கை கையெழுத்தானது. ஏவுகணைச் சோதனைக்கு முன் ஒருவருக்கொருவர் அறிவிக்க வேண்டும். ஆனால் அது பாலிஸ்டிக் ஏவுகணைகளுக்கு மட்டும். அதற்கு இரண்டு மாதம் முன்புதான், 2005 ஆகஸ்ட் 11 அன்று, பாகிஸ்தான் பாபர் குரூஸ் ஏவுகணையை முன்னறிவிப்பின்றிச் சோதித்திருந்தது. இந்தியாவிடம் பிரம்மோஸ் இருந்தது. தடுப்பதற்கும் அடையாளம் காண்பதற்கும் மிகக் கடினமான ஆயுதத்தை இரு தரப்பும் வெளியே விட்டுவிட்டன. மியான் சன்னூ சம்பவத்துக்குப் பிறகாவது இதைச் சேர்த்திருக்கலாம். தவறுதலாக ஒன்று கிளம்பினால் உடனே தொலைபேசியில் சொல்வதற்கு, இரண்டு நாள் கழித்து அறிக்கை விடுவதைவிடக் குறைவான மெனக்கெடலே போதும்.

மற்றொன்று மக்கள் பாதுகாப்பு. 2025 மே 7 அன்று நாடு முழுவதும் நடத்தப்பட்ட ஒத்திகை, தமிழகத்தில் சென்னைத் துறைமுகத்திலும் கல்பாக்கத்திலும் நடந்தது. நல்லது. அந்த இரண்டு இடங்களுக்கும் நடுவேதான் பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம், வண்டலூர், கிளாம்பாக்கம் பேருந்து முனையம் என்று இலட்சக்கணக்கானோர் வாழ்ந்தும் பயணித்தும் கொண்டிருக்கிறார்கள். அபாயச் சங்கு ஒலித்தால் அது என்ன, எந்தப் பக்கம் போவது என்று இங்கே பத்துப் பேரைக் கேட்டால் பத்துப் பேரும் கைபேசியைத்தான் எடுப்பார்கள். கைபேசியில் என்ன வரும் என்பதையும் அந்த மே மாதமே பார்த்தோம். கராச்சித் துறைமுகம் அழிந்துவிட்டது என்று பெரிய தொலைக்காட்சிகள் சில இரவு முழுக்கச் சொன்னதை நம்பி வாட்ஸ்அப்பில் பரப்பியவர்களில் படித்தவர்களும் இருந்தார்கள்.

2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கியபோது படகோடு முதலில் போனவர்களில் அக்கம்பக்கத்து இளைஞர்கள் இருந்தார்கள். பள்ளிவாசல்களும் தேவாலயங்களும் கல்யாண மண்டபங்களும் தங்கும் இடங்களாயின. யார் வீட்டில் நடக்க முடியாத பெரியவர் இருக்கிறார் என்பது மஹல்லா ஜமாஅத்துக்கும் தெருச் சங்கத்துக்கும் தெரியும், ராணுவத்துக்குத் தெரியாது. மக்கள் பாதுகாப்புச் சட்டம் 1968-லிருந்தே இருக்கிறது. அதன்படி தன்னார்வலர்களைப் பதிவு செய்து பயிற்சி தரலாம். தாம்பரம் மாநகராட்சியும் செங்கல்பட்டு மாவட்ட நிர்வாகமும் வார்டுக்கு வார்டு அதைத் தொடங்கினால், நம் ஜமாஅத்துகள் பெயர்ப் பட்டியலோடு முதல் ஆளாக நிற்க வேண்டும். பள்ளிவாசல் ஒலிபெருக்கியிலிருந்து எந்த அதிகாரி சொன்னால் அறிவிப்பது, எதை அறிவிக்கக் கூடாது என்பதையும் அப்போதே எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது.